‘பீத்திக்கிறது’ கெட்ட வார்த்தையா? எங்கிருந்து வந்தது?

செந்தூல்_வாசகி கேட்டது:

வணக்கம். கோலாலம்பூரில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் நடிக்கும் ஒரு சிறு நாடகத்தின் பிரதியைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். ஒரு பையன் சொல்லும் வசனம் இது:

“இவங்க அப்பா புதுக் காடி வாங்கிட்டாராம். அதுக்கு இவன் என்னமா பீத்திக்கிறான் பாரு!” (இங்கே பேச்சில் ‘காடி’ என்றால் கார்.)

பிரதியைப் படித்த ஒருவர் ‘பீத்திக்கிறான்’ என்பதை அடித்துவிட்டு ‘பந்தா பண்றான்’ என்று எழுதச் சொல்கிறார். அந்தச் சொல்லின் முதலெழுத்தே மலத்தைக் குறிக்கிறது, மேடையில் பிள்ளைகள் வாயில் வரக்கூடாது என்பது அவர் வாதம். எனக்குத் தெரிய வேண்டியவை:

1. இது உண்மையிலேயே அந்தச் சொல்லிலிருந்து பிறந்ததா?
2. எழுத்தில் எப்படி எழுதுவது? பீத்தி, பீற்றி, பீர்த்தி என்று மூன்று விதமாகப் பார்க்கிறேன்.
3. பந்தா, அலட்டல், உதார், சவடால், பில்டப் எல்லாம் ஒரே பொருள்தானா? ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தால் வசனம் கெடாதா?

பக்கத்து வீட்டு மலாய்ப் பையன் ஒருவனும் நாடகத்தில் வருகிறான். அவனும் இதையே மலாயில் சொல்ல வேண்டும். அதற்கும் யோசனை சொன்னால் உதவியாக இருக்கும்.

ஒற்றெழுத்து:

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: இல்லை. ‘பீத்து’ என்பது ‘பீற்று’ என்ற வினையின் பேச்சு வடிவம். மலத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

நம் பேச்சில் எழுத்துத் தமிழின் ‘ற்ற’ எல்லாம் ‘த்த’ ஆகிவிடும். காற்று காத்து, நேற்று நேத்து, ஆற்றில் ஆத்துல, விற்றான் வித்தான், சுற்று சுத்து, மாற்று மாத்து. ஒரு சொல்லுக்கு மட்டும் நேர்வதல்ல இது, நம் பேச்சு முழுவதும் ஓடும் ஒழுங்கு. அந்த ஒழுங்கின்படி ‘பீற்றிக்கொள்கிறான்’ பேச்சில் ‘பீத்திக்கிறான்’ ஆகிறது. ‘பெருமை பீற்றிக்கொள்ளுதல்’ என்று எழுத்துத் தமிழிலும் தாராளமாகப் புழங்கும் சொல்தான். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைப் புரட்டிப் பாருங்கள், ‘பீற்றிக்கொள்’ என்று தனிப்பதிவாகவே இருக்கும்.

எதிர்வாதத்தையும் சோதித்துவிடுவோம். ஓரெழுத்துப் பெயரோடு ‘த்து’ சேர்த்து வினையாக்கும் வழக்கம் தமிழில் இல்லை. தீயிலிருந்து ‘தீத்து’ வருவதில்லை, பூவிலிருந்து ‘பூத்து’ என்று ஒரு வினையடி வருவதில்லை. (‘பூத்தது’ என்பதில் உள்ள ‘த்த்’ இறந்தகாலக் குறி, அது வேறு.) தவிர, அந்த உடல் வேலைக்குத் தமிழில் ‘பேள்’ என்று தனி வினையே இருக்கிறது. இரண்டும் முதலெழுத்தில் ஒத்துப்போனது தற்செயல்.

சரி, ‘பீற்று’ எங்கிருந்து? ‘பீறு’ என்ற வினையைப் பாருங்கள். கிழிதல், பிளந்துகொண்டு வெளிவருதல். ‘இரத்தம் பீறிட்டது’, ‘அழுகை பீறிட்டது’ என்று இன்றும் சொல்கிறோம். தமிழில் ‘று’ என்று முடியும் வினைகள் பல, ‘ற்று’ என்று இன்னொரு வடிவம் எடுக்கும். ஏறு–ஏற்று, மாறு–மாற்று, தேறு–தேற்று, ஊறு–ஊற்று. முதலாவது தானாக நடப்பது, இரண்டாவது நடத்துவது. தண்ணீர் ஊறும், நாம் ஊற்றுவோம். பீறு–பீற்று அதே அச்சில் வார்த்தது.

இதன் பெயர்ச்சொல் ‘பீற்றல்’. பழைய அகராதிகளில் இதற்குக் கிழிசல், கந்தல் என்ற பொருள் உண்டு. பெருமை அடித்துக்கொள்பவரைக் கிராமத்தில் ‘பெருமை பீத்தக்கலயம்’ என்பார்கள். பீற்றல் கலயம், அதாவது விரிசல் விட்ட பானை. உள்ளே இருப்பதை அடக்கி வைக்க முடியாமல் கசியவிடும் பானை. கிழிசலும் தற்பெருமையும் ஒரே சொல்லில் வந்து சேர்ந்த இடம் இதுதான் என்று படிக்கிறேன். மிக அழகான சொல். இதைக் கெட்ட வார்த்தை என்று அடிப்பது அநியாயம்.

எழுத்து முறை: வசனத்தில் ‘பீத்திக்கிறான்’. கதை சொல்லியின் குரலிலோ மேடைக் குறிப்பிலோ ‘பீற்றிக்கொள்கிறான்’. ‘பீர்த்தி’ தவறு, அதற்கு எந்த அடிப்படையும் இல்லை. பேச்சு வசனத்தின் நடுவில் ‘பீற்றிக்கிறான்’ என்று பாதிப் பாதி எழுதுவதையும் தவிர்க்க வேண்டும். பிள்ளைகள் எழுத்தைப் பார்த்து ‘பீட்ரிக்கிறான்’ என்று வாசித்துவிடுவார்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்த விதி ஒருவழிப் பாதை. ‘ற்ற’ எல்லாம் ‘த்த’ ஆகும், ஆனால் ‘த்த’ எல்லாம் ‘ற்ற’விலிருந்து வந்தவை அல்ல. எண் பத்து பிறப்பிலேயே பத்து, முத்து பிறப்பிலேயே முத்து. அதனால் ஒரு பேச்சுச் சொல்லைப் பார்த்ததும் ‘ற்ற’ போட்டுத் திருத்திவிடக்கூடாது. எழுத்துத் தமிழில் அந்த வடிவம் தனியாகக் கிடைக்கிறதா என்று பார்த்த பிறகே முடிவு கட்ட வேண்டும். பீற்றுக்கு அது கிடைக்கிறது.

மேடைப்பக்கம்:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன், நாடகத்துக்கு அதுதான் முக்கியம். இவை ஒரே பொருள் இல்லை. ‘பீத்திக்கிறான்’ இருந்த இடத்தில் ‘பந்தா பண்றான்’ வைத்தால் அந்தப் பையன் என்ன செய்கிறான் என்பதே மாறிவிடும்.

*பீத்தல்* எப்போதும் வாயால் நடப்பது. பேசாமல் பீத்திக்க முடியாது. சொல்வது உண்மையாகவும் இருக்கலாம், அப்பா நிஜமாகவே காடி வாங்கியிருக்கலாம். குற்றம் பொய்யில் இல்லை, திரும்பத் திரும்பச் சொல்வதில் இருக்கிறது.

*பந்தா* நடத்தை, தோற்றம். கறுப்புக் கண்ணாடி, காடிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பது, நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருவது. ஒரு வார்த்தை பேசாமலேயே பந்தா பண்ணலாம். கொஞ்சம் ரசித்தும் சொல்வார்கள்: “பந்தாவா இருக்கியே!” என்றால் பாதி பாராட்டு. ‘வெட்டி பந்தா’ என்று முன்னால் ஒரு சொல் சேர்ந்தால்தான் முழுக் கண்டனம்.

*பில்டப்* ஒரு விஷயம் நடப்பதற்கு முன்னால் ஏற்றிவிடுவது. தனக்குத்தானே கொடுத்துக்கொள்ளலாம், மற்றவரும் கொடுக்கலாம். “ஓவர் பில்டப் குடுத்துட்டாங்க, சாப்பாடு சுமார்தான்.” இந்த வாக்கியத்தில் பீத்தலையோ பந்தாவையோ வைக்கவே முடியாது.

*உதார்*, *சவடால்* இரண்டிலும் மிரட்டல் இருக்கிறது. ‘நான் யார் தெரியுமா, ஒரு போன் போட்டா போதும்’ என்ற ரகம். உதாருக்கு ‘விடு’ என்ற வினை சேரும்: உதார் விடுறான். சவடாலுக்கு ‘அடி’, ‘பேசு’, பெரும்பாலும் ‘வாய்ச்சவடால்’ என்று வரும். எதிரில் ஓர் ஆள் இருக்க வேண்டும், அவரை அடக்குவதுதான் நோக்கம்.

*ரீல்*, *கப்சா*, *உடான்ஸ்* மூன்றிலும் சொன்னது பொய். ரீலும் கப்சாவும் ‘விட’ வேண்டும்.

*வெத்து வேட்டு* செயலைக் குறிப்பதில்லை, ஆளைக் குறிக்கும். வெற்று வேட்டு, மருந்து மட்டும் போட்டு வெடிப்பது. சத்தம் வரும், குண்டு இருக்காது. (மேலே சொன்ன ற்ற–த்த விதி இதிலும் வேலை செய்கிறது: வெற்று, வெத்து.) ஒருவன் வாக்குக் கொடுத்து அது நடக்காமல் போன பிறகுதான் இந்தப் பெயர் அவனுக்குப் பொருந்தும். முதல் காட்சியிலேயே யாரையும் வெத்து வேட்டு என்று சொல்ல வைக்காதீர்கள், பார்ப்பவர்களுக்கு எடுபடாது.

*படம் காட்டுறது*, *பிலிம் காட்டுறது*, *சீன் போடுறது* மூன்றும் நடிப்பு. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. வயிற்றுவலி இல்லாதவன் வயிற்றைப் பிடித்துக்கொள்வது சீன். தன் காடியைப் பற்றிச் சொல்லிச் சொல்லி மகிழ்கிறவன் சீன் போடவில்லை, பீத்திக்கிறான்.

எது பொருந்தும் என்று தெரியாவிட்டால் வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். வாயால் செய்கிறானா, உடம்பால் செய்கிறானா? சொன்னது மெய்யா பொய்யா? எதிரில் இருப்பவரைப் பயமுறுத்தவா, பொறாமைப்பட வைக்கவா? நடப்பதற்கு முன்பா, நடந்த பிறகா? நாலு பதிலில் சொல் தானாகவே வந்துவிடும். உங்கள் வசனத்துக்கு வாயால், மெய், பொறாமைக்கு, நடந்த பிறகு. பீத்தல்தான்.

வசனத்திலேயே ஒரு சின்னத் திருத்தம். ‘அதுக்கு இவன் என்னமா பீத்திக்கிறான்’ தவறில்லை, ஆனால் பிள்ளைகள் வாயில் ‘அதைச் சொல்லிச் சொல்லிப் பீத்திக்கிறான்’ இன்னும் நன்றாக விழும். ‘சொல்லிச் சொல்லி’ வந்துவிட்டால் அந்த வினையின் பொருள் தெரியாத பிள்ளைக்கும் புரிந்துவிடும்.

ஏட்டுச்சுவடி:

பேச்சுச் சொற்களைப் பார்த்துவிட்டீர்கள். எழுத்துத் தமிழில் ‘மரியாதையான’ மாற்று தேடினால் ஆடம்பரம், படாடோபம், டம்பம், தம்பட்டம் என்று கையில் வரும். அவற்றின் பிறப்பையும் தெரிந்துகொள்வது நல்லது. பிரதியைத் திருத்தியவர் கேட்டால் சொல்லலாம், எல்லாமே எளிய பொருள்களிலிருந்து எழுந்தவைதான்.

ஆடம்பரம் வடமொழியில் முதலில் ஒரு வகை முரசு. பிறகு அந்த முரசின் ஓசை, பேரிரைச்சல், அதன்பிறகுதான் பகட்டு. தம்பட்டமும் தோற்கருவிதான், ‘தம்பட்டம் அடிக்கிறான்’ என்பதில் அந்த அடி இன்னும் கேட்கிறது. டமாரமும் அப்படியே. கோயில் ஊர்வலத்தில் மாட்டின் மேல் வைத்து அடிக்கும் இரட்டை முரசு அது, ஊருக்கெல்லாம் செய்தி பரப்புகிறவரை ‘டமாரம்’ என்கிறோம். தற்பெருமைக்குத் தோற்கருவியின் பெயர் மூன்று முறை வந்திருக்கிறது. உள்ளே வெற்றிடம் இருந்தால்தான் முரசு ஒலிக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எனக்கு மிகப் பிடித்தது படாடோபம். ‘படோடாபம்’ என்று எழுத்து மாறிக் கிடப்பதை அடிக்கடி பார்க்கிறேன், அது தவறு. பிரித்தால் பிழை வராது: படா + ஆடோபம். ‘படா’ என்றால் பாம்பின் படம், நாம் ‘படமெடுத்து ஆடுது’ என்று சொல்லும் அதே படம். ‘ஆடோபம்’ என்றால் புடைப்பு, விரிப்பு. ஆக, பாம்பு படத்தை விரித்துக் காட்டுவதுதான் படாடோபம்.

பஞ்சதந்திரத்தில் ஒரு செய்யுள் இந்தச் சொல்லையே வைத்துப் பேசுகிறது. நஞ்சில்லாத பாம்பும் பெரிதாகப் படமெடுக்க வேண்டும், நஞ்சு இருக்கட்டும் இல்லாமல் போகட்டும், படத்தை விரிப்பதே அச்சம் தரும் என்பது கருத்து. வெறும் காட்சி எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுமா? உள்ளே ஒன்றும் இல்லாமல் வெளியே விரித்துக் காட்டுவது என்ற முழுப் பொருளும் அந்தச் சொல்லின் உடலிலேயே இருக்கிறது.

டம்பம், டாம்பீகம் இரண்டும் வடமொழி ‘தம்ப’ என்பதன் வழி வந்தவை. அங்கே அதன் பொருள் கபடம், போலி ஒழுக்கம். தமிழில் சற்று மென்மையாகிப் பகட்டாகிவிட்டது. ஜபர்தஸ்து பாரசீகம். ‘ஜபர்’ மேலே, ‘தஸ்த்’ கை. மேற்கை, அதாவது ஓங்கிய கை. வலுவந்தம் என்பதிலிருந்து அதிகாரத் தோரணை என்று நம்மிடம் வந்து சேர்ந்தது.

ஆனால் இவற்றில் எதையும் பன்னிரண்டு வயதுப் பையன் விளையாட்டுத் திடலில் சொல்ல மாட்டான். ‘இவன் படாடோபம் செய்கிறான்’ என்று ஒரு பையன் சொன்னால் அவன் வாயில் ஆசிரியர் பேசுகிறார் என்று சபைக்குத் தெரிந்துவிடும். தலைமையாசிரியர் பாத்திரத்துக்கு வேண்டுமானால் கொடுங்கள்: “இந்தப் படாடோபமெல்லாம் பள்ளிக்கூடத்துல வேணாம்.” அவருக்குப் பொருந்தும்.

கந்தசாமிகோயில்_தெரு:

‘அலட்டல்’ பற்றி யாரும் எழுதவில்லை. கோலாலம்பூரில் இந்தச் சொல்லைக் கொஞ்சம் கவனமாகக் கையாள வேண்டும், ஏனென்றால் கேட்பவர் எந்த வழித் தமிழர் என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும்.

‘அலட்டு’ என்ற வினைக்கு அகராதியில் இரண்டு முக்கியப் பொருள்: அலைக்கழித்தல், பிதற்றுதல். மலையாளத்தில் இன்றும் முதல் பொருள்தான், ‘அலட்டுக’ என்றால் வருத்துதல், தொந்தரவு செய்தல். யாழ்ப்பாணத் தமிழில் இரண்டாவது பொருள் நிலைத்தது. “சும்மா அலட்டாதை” என்றால் வீண்பேச்சு பேசாதே என்பது. தமிழ்நாட்டு வழக்கில் ‘அலட்டிக்கொள்’ என்று ஆகி, தன்னைத்தானே அலைக்கழித்துக்கொள்வது, சின்ன விஷயத்துக்குப் பெரிய ஆரவாரம் செய்வது, கடைசியில் மிடுக்குக் காட்டுவது என்று நகர்ந்தது. முதல் பொருள் எதிர்மறையில் இன்னும் பிழைத்திருக்கிறது: “எதுக்கும் அலட்டிக்க மாட்டார்” என்றால் நிதானமானவர் என்று பாராட்டு.

பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல் பக்கம் இரயில்வே வேலைக்காக வந்து குடியேறிய யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் நிறைய. ஸ்காட் ரோட்டில் உள்ள கந்தசுவாமி கோயில் அவர்கள் எழுப்பியது. அதே பேட்டைகளில் தமிழ்நாட்டு வழியினரும் கலந்து வாழ்கிறார்கள். நாடகத்தில் “ரொம்ப அலட்டுறான்” என்று வைத்தால் ஒரு பாட்டிக்கு ‘ஓயாமப் பேசுறான்’ என்றும், பக்கத்தில் இருக்கும் இன்னொரு பாட்டிக்கு ‘மிதப்பா நடக்குறான்’ என்றும் கேட்கும். ‘அலட்டிக்கிறான்’ என்று ‘க்கிற’ சேர்த்து எழுதினால் இரண்டாவது பொருள் உறுதியாகும்.

அந்த ‘க்கிற’ முக்கியமானது. பீத்திக்கிறான், அலட்டிக்கிறான், மெச்சிக்கிறான் எல்லாவற்றிலும் ‘கொள்’ ஒளிந்திருக்கிறது. தனக்காகத் தானே செய்வது என்ற பொருளைத் தருவது அதுதான். அதை விட்டுவிட்டு ‘பீத்துறான்’ என்று எழுதினால் புரியும், ஆனால் தற்பெருமையின் ‘தன்’ காணாமல் போகும்.

ற்ற–த்த பற்றி மேலே எழுதியதற்கு ஒரு துணைச் சான்று. யாழ்ப்பாணப் பேச்சில் ‘ற்ற’ இன்னும் தனி ஒலி, நுனிநாக்கு பல்லின் வேருக்கு மேல் படும். காற்றும் பத்தும் அங்கே ஒரே ஒலியில் முடிவதில்லை. மலையாளத்திலும் அப்படித்தான். தமிழ்நாட்டுப் பேச்சிலும் அங்கிருந்து வந்த நம் பேச்சிலும் அந்த வேறுபாடு மறைந்துவிட்டதால்தான் பீத்தலின் மூலம் கண்ணுக்குத் தெரியாமல் போய், ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள்.

லெபோ_பசார்:

பினாங்கிலிருந்து வணக்கம். மலாய்ப் பையனுக்கு என்ன கொடுக்கலாம்னு சொல்றேன்.

புத்தகத்துல, பள்ளிக்கூடத்துல சரியான சொல் *பெர்லாகாக்*. ‘லாகாக்’னா தோரணை, நடை. அதுக்கு முன்னால ‘பெர்’ சேர்ந்தா அந்தத் தோரணையைக் காட்டிக்கிறது. மேடைக்கு இது முழுக்கப் பாதுகாப்பு. பேச்சு வழக்குல *எக்‌ஷன்*, ஆங்கில ‘ஆக்‌ஷன்’தான். “எக்‌ஷன் காவ் நீ!” ன்னு ஒரு பையன் இன்னொரு பையன்கிட்ட சொல்றது ரொம்ப இயல்பு. நம்ம பிள்ளைங்களே “ரொம்ப ஆக்‌ஷன் லா இவன்”னு சொல்வாங்க, அதனால சபைக்கு உடனே பிடிபடும். பொருள் பந்தாவுக்குப் பக்கம், பீத்தலுக்குப் பக்கம் இல்ல. பேச்சால பெருமை அடிக்கிறதுன்னா *சாக்காப் பெசார்*, அப்படியே ‘பெரிய பேச்சு’. உங்க காட்சிக்கு இதுதான் நேர்ச்சொல்.

*தெம்பெராங்* வேணாம். அதுல பொய் கலந்திருக்கு, நம்ம கப்சா மாதிரி. அந்தப் பையனோட அப்பா நிஜமாவே காடி வாங்கியிருக்கார். சுவாரசியமான விஷயம் என்னன்னா, அதே எழுத்துல இன்னொரு தெம்பெராங்கும் இருக்கு, கப்பல்ல பாய்மரத்தைத் தாங்கிப் பிடிக்கிற கயிறு. அகராதியில தேடினா ரெண்டும் வரும், குழம்பிடாதீங்க.

பலர் தப்பாச் சொல்ற இடம் ஒண்ணு இருக்கு. குட்டு வெளிப்பட்டுடுச்சுங்கறதுக்கு மலாய்ப் பழமொழி *பெச்சா தெம்பெலாங்*. தெம்பெலாங்னா கெட்டுப்போன முட்டை. உடைஞ்சா நாத்தம் ஊருக்கே தெரியும், அதான் பொருள். அதை நிறைய பேர் ‘பெச்சா தெம்பெராங்’னு சொல்லிடுறாங்க. பொய் சொல்றது உடைஞ்சுதுன்னு அர்த்தம் பொருந்துற மாதிரி தோணுறதால தப்பு நிலைச்சுப் போச்சு. உங்க நாடகத்துல கடைசிக் காட்சியில குட்டு உடையுதுன்னா லகரத்தோட சொல்ல வைங்க.

*வாயாங்* நல்ல சொல். நிழற்கூத்து, நாடகம். சினிமாவுக்கும் மலாய்க்காரங்க அதையேதான் சொல்வாங்க, ‘தெங்கோக் வாயாங்’னா படம் பார்க்கிறது. இங்க ஆங்கிலத்துல பேசும்போதுகூட “எல்லாம் வாயாங்தான்”னு சொன்னா வெறும் நடிப்புன்னு அர்த்தம். நம்ம ‘படம் காட்டுறான்’ அப்படியே அதே வழியில போயிருக்கு. மேலே சொன்ன சீன் வகை இது.

*போயோ*ங்கற சொல்லைப் பத்தியும் ஒண்ணு சொல்லணும். மலாய் இளைஞர்கள் வெத்து மிதப்புக் காட்டுறவனைச் சொல்றது. நம்ம ‘பொய்’யிலிருந்து போனதுன்னு தமிழர்கள் நிறைய பேர் பெருமையா சொல்றாங்க. ஒலி ஒத்துப்போறது மட்டும் சான்று ஆகாது. நிஜமாவே தமிழ்லேருந்து மலாய்க்குப் போன சொற்களைப் பாருங்க, ஒரு ஒழுங்கு இருக்கும். கடை ‘கெடாய்’, திரை ‘திராய்’, வகை ‘பகாய்’, பரிசை (கேடயம்) ‘பெரிசாய்’, முதல் ‘மோடால்’. ஐகாரம் வர்ற எல்லா இடத்துலயும் ‘ஆய்’ ஆகியிருக்கு, பொருளும் நேரா வந்திருக்கு. ‘பொய்’ போயிருந்தா ‘போய்’னுதான் நிக்கணும். கடைசி ‘ஓ’ எங்கிருந்து வந்துச்சு? பொருளும் வேற, போயோ பொய்யைக் குறிக்கல, அலட்டலைக் குறிக்குது. இதை நாடகத்துல சேர்க்காதீங்க, கொச்சை.

உச்சரிப்புல நம்ம பிள்ளைங்க ரெண்டு இடத்துல தடுக்கும். ‘பெர்லாகாக்’ கடைசி ‘க்’ முழுசா ஒலிக்காது, தொண்டையில டக்குனு நிக்கும். ‘பெர்லாகாக்கு’ன்னு உகரம் சேர்த்தா உடனே காட்டிக்கொடுத்துடும். ‘சாக்காப்’பும் அப்படித்தான், உதட்டை மூடி நிறுத்தணும், ‘சாக்காப்பு’ கூடாது. அடுத்தது, பெர், பெசார், தெம்பெலாங் எல்லாத்துலயும் வர்ற ‘எ’ நம்ம எலி, எருமையில வர்ற எகரம் இல்ல. வாயைப் பாதி திறந்து அழுத்தாம விடணும்.

செந்தூல்_வாசகி:

எல்லாருக்கும் மிக்க நன்றி. வசனத்தை இப்படி மாற்றியிருக்கிறேன்:

கவின்: “இவங்க அப்பா புதுக் காடி வாங்கிட்டாராம். அதைச் சொல்லிச் சொல்லிப் பீத்திக்கிறான்!”
ஹாக்கிம்: “சாக்காப் பெசார் லா டியா!”
தலைமையாசிரியர்: “இந்தப் படாடோபமெல்லாம் பள்ளிக்கூடத்துல வேணாம்.”

திருத்தியவர் இன்னும் ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன செய்வது? மூலம் சுத்தமாக இருந்தாலும் காதில் அந்த எழுத்து விழுகிறதே என்பார்.

ஒற்றெழுத்து:

அந்த வாதத்தை ஏற்றால் பீடி, பீடம், பீர்க்கங்காய், பீரங்கி, பீதி எல்லாவற்றையும் மேடையிலிருந்து இறக்க வேண்டியிருக்கும். அவரிடம் எழுத்து வடிவத்தைக் காட்டுங்கள். ‘பெருமை பீற்றிக்கொள்ளுதல்’ என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும், றகரத்தைக் கண்ணால் பார்த்ததும் சந்தேகம் போய்விடுகிறது.

லெபோ_பசார்:

இன்னொண்ணும் சொல்லிப் பாருங்க. ‘ஹாங்காட்–ஹாங்காட் தாஹி ஆயாம்’, கோழி எச்சச் சூடுன்னு ஒரு மலாய்ப் பழமொழி. ஆரம்பத்துல மட்டும் ஆர்வம் காட்டி அப்புறம் ஆறிப்போறது. அதுல மலமே நேரடியா வருது. அதைப் பள்ளியில பாடமா நடத்துறாங்க, பிள்ளைங்க கட்டுரையில எழுதுறாங்க. மலத்துக்குத் தொடர்பே இல்லாத தமிழ்ச் சொல்லுக்கு மட்டும் ஏன் தடை?

ஹாக்கிம் வசனத்துல ‘லா’வை ‘டியா’வுக்கு (அவன்) முன்னால வச்சது சரி. பின்னால தள்ளினாலும் மலாயில ஓடும், ஆனா முன்னால இருந்தா ‘பெசார்’மேல அழுத்தம் விழும்.

மேடைப்பக்கம்:

அப்படியும் அவர் மறுத்தால் ‘பந்தா பண்றான்’ மட்டும் வேண்டாம். பீத்தலுக்கு மிக நெருங்கிய மாற்று ‘பெருமை அடிச்சிக்கிறான்’. அதையும் வாயால்தான் செய்ய வேண்டும், சொன்னது மெய்யாக இருக்கலாம், ‘க்கிற’வும் இருக்கிறது. “அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமை அடிச்சிக்கிறான்!” ஓர் அசை நீளம், அவ்வளவுதான். ‘தம்பட்டம் அடிக்கிறான்’ இரண்டாவது தேர்வு. அது ஊர் முழுக்கப் பரப்புவது, அதனால் அந்தப் பையன் ஒரே ஆளிடம் சொல்லும் காட்சியாக இருந்தால் பொருந்தாது. நாலைந்து பேர் கூடி நிற்கும் காட்சியா, இருவர் மட்டும் பேசும் காட்சியா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஒத்திகையில் இன்னொன்றையும் கவனியுங்கள். ‘பீத்திக்கிறான்’ என்பதில் பிள்ளைகள் முதல் அசையை இழுத்து அழுத்துவார்கள், சிரிப்பு வரும் என்று. அழுத்தம் ‘சொல்லிச் சொல்லி’ மேல் விழட்டும், வினை வேகமாகப் போகட்டும். அப்படிச் சொன்னால் காதில் விழுவது கவினின் எரிச்சல் மட்டுமே.